குகேஷ் காலத்தில் ஆனந்தை எப்படிப் புரிந்துகொள்வது?

காவிரிக்கரை:
2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு செஸ் பற்றிப் பேசும் இளைஞர்களிடம் ஒன்றைக் கவனிக்கிறேன். விஸ்வநாதன் ஆனந்த் என்றதும் அவர்களுக்கு நினைவுக்கு வருவது, குகேஷுக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் வழிகாட்டிய பெரியவர் என்பதுதான். ஐந்து முறை உலக சாம்பியன் என்பது தெரிந்திருக்கிறது. அந்த ஐந்தும் எப்படி வந்தன, யாரிடம் தோற்றார், தோற்றபின் என்ன செய்தார் என்பதெல்லாம் பேச்சிலேயே வருவதில்லை.

நான் மயிலாடுதுறைக்காரன். 1969 டிசம்பர் 11 அன்று அவர் பிறந்தது எங்கள் ஊரில். வளர்ந்தது சென்னை என்றாலும் இங்கே அந்தப் பெயரை உரிமையோடுதான் சொல்வார்கள்.

என் கேள்வி இதுதான்: அவருடைய புகழ் எதனால் வந்தது? பட்டங்களாலா, இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்பதாலா, இல்லை வேறு ஏதாவதா?

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சதுரங்கம் ஆடிப் பிழைக்கலாம் என்று இந்த நாட்டை நம்ப வைத்தவர் அவர். மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். ஆனந்தே சொன்ன ரயில் சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். உடன் பயணம் செய்த பெரியவர் ஒருவர் என்ன செய்கிறாய் என்று விசாரிக்கிறார். செஸ் ஆடுகிறேன் என்கிறார் இவர். அதெல்லாம் நிலையில்லாத பிழைப்பு, விஸ்வநாதன் ஆனந்த் மாதிரி ஒருவராக இருந்தால் ஒருவேளை நடக்கலாம் என்று அக்கறையோடு புத்தி சொல்கிறார் அந்தப் பெரியவர். எதிரில் இருப்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. முகம் தெரியாமலே பெயர் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். ஆனால் அந்தப் பெயர் அப்போது ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தியது. இன்று அப்படி இல்லை. இந்த மாற்றம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எழும்பூர்வாசி:
நல்ல கேள்வி தம்பி. ஆனால் கதையை ஆனந்திலிருந்து ஆரம்பித்தால் பாதி விட்டுப்போகும். மானுவேல் ஆரோனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர்; கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த நிலைப் பட்டம் அது. ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1960இல் லைப்சிக்கில் நாடுகள் அணி அணியாக மோதும் செஸ் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவையே வீழ்த்தியவர். 1962 ஸ்டாக்ஹோம் போட்டியில் ஹங்கேரியின் போர்ட்டிஷை வென்றவர். பயிற்சியாளர் கிடையாது, வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வசதி கிடையாது. அந்த நிலையில் இதையெல்லாம் செய்தார். அதைவிட முக்கியமாக, 1972இல் சென்னையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சோவியத்தின் முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தாலின் பெயர். இடமும் சோவியத் புத்தகங்களும் மையத்தார் தந்தார்கள்.

அந்தக் காலத்தில் கிளப் இருந்த கஸ்தூரி ரங்கா சாலைக்குப் போய்வந்த கூட்டத்தில் நானும் உண்டு. போர்டுகள் குறைவு, ஆட வந்தவர்கள் அதிகம். அதனால் சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டத்தில் ஒரே விதிதான்: வென்றவர் உட்கார்ந்தே இருக்கலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சாவி கொடுக்கும் கடிகாரங்கள். நிமிட முள் மேலே ஏற ஏற சின்னச் சிவப்புக் கொடி தூக்கிக்கொண்டு வரும், நேரம் முடிந்தால் விழும். கொடி விழுந்தால் தோல்வி. காயை வைத்த கையாலேயே கடிகாரத்தை அமுக்க வேண்டும் என்பதால் அந்த அறையில் டக் டக் என்று சத்தம் ஓயவே ஓயாது. எழுந்தால் திரும்ப முறை வர நேரமாகும். ஆகவே தோற்கவும் கூடாது, யோசிக்கவும் நேரம் இல்லை.

ஆனந்தின் வேகம் எங்கிருந்து வந்தது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் வியந்து எழுதின. ‘லைட்னிங் கிட்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஐந்து மணி நேரம் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு இவர் அரை மணிகூடச் செலவழிக்க மாட்டார். எங்களுக்கு அதில் வியப்பு இல்லை. அந்த வரிசையில் நின்றவர்களுக்குக் காரணம் தெரியும்.

1983 தேசிய சப்ஜூனியர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது. 16 வயதில் தேசிய சாம்பியன். 1987இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் உலக ஜூனியர் சாம்பியன், அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர். அதே ஆண்டு டிசம்பரில் கோயம்புத்தூரில் நடந்த போட்டியோடு கிராண்ட்மாஸ்டர் தகுதி முழுமையானது. 1988இல் பத்மஸ்ரீ. அப்போது அவருக்கு 18 வயது.

ஒரு கணக்கையும் பாருங்கள். இரண்டாவது இந்திய கிராண்ட்மாஸ்டர் திவ்யேந்து பருவா வந்தது 1991இல், மூன்றாவது பிரவீண் திப்சே 1997இல். ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் மொத்தமே மூன்று பேர். காவிரிக்கரை சொல்கிற மாற்றம் உடனே வந்துவிடவில்லை. அந்தப் பத்து ஆண்டும் ஆனந்த் தனியாகத்தான் நின்றார்.

தாமிரபரணி:
எல்லோரும் ஆரோன் சாரையும் கிளப்பையும் சொல்கிறீர்கள், சரி. அம்மாவை விட்டுவிடாதீர்கள். நான் ஒரு சதுரங்கம் ஆடும் பெண்ணின் அம்மா என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆறு வயதில் அவருக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது அவருடைய அம்மா சுசீலா. அவர் கிளப்புக்கெல்லாம் போனவர் இல்லை. வீட்டிலேயே ஆடிப் பழகியவர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, அதன் காரணமாகக் குடும்பம் கொஞ்ச காலம் மணிலாவில் இருந்தது. அங்கே மதிய நேரத்தில் டிவியில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். பையன் அந்த நேரம் பள்ளியில் இருப்பான். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிர்களையும் தாளில் எழுதி வைப்பார். சாயங்காலம் பையன் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். பல மாதம் இவர்களே வென்றுகொண்டிருந்ததால், கடைசியில் வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்த் பேட்டிகளில் சொன்னதுதான் இது.

டிவியில் போர்டு சில நொடிதான் தெரியும். அதற்குள் எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்று ஒன்றுவிடாமல் குறிப்பது எத்தனை கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சிப்பாய் இடம் மாறிவிட்டால் புதிரே தப்பாகிவிடும்.

கருப்புக்குதிரை:
பட்டங்களுக்கு வருகிறேன். அவை வந்த விதம் தெரியாமல் ஐந்து என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் ஒன்றும் புரியாது.

1993இல் உலக சாம்பியன் காஸ்பரோவும் அவரோடு மோத வேண்டிய நைஜல் ஷார்ட்டும் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயை விட்டு வெளியேறித் தனியாக உலகப் போட்டி ஆடினார்கள். அன்றிலிருந்து 2006 வரை உலகத்தில் இரண்டு சாம்பியன்கள். ஆனந்தின் நல்ல வயது முழுவதும் இந்தக் குழப்பத்துக்குள் போனது. 1998இல் நடந்ததைப் பாருங்கள். ஃபிடே சாம்பியன் கார்போவ் நேராக இறுதிப் போட்டியில் உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லோரும் நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் நாக்அவுட் ஆடி வர வேண்டும். ஆனந்த் 1997 டிசம்பர் முழுவதும் அங்கே ஆடி, ஆண்டு முடியும் நேரத்தில் ஆடம்ஸை வென்று, ஓரிரு நாள் இடைவெளியில் சுவிட்சர்லாந்தின் லோசான் போய் ஓய்வெடுத்துக் காத்திருந்த கார்போவோடு மோதினார். ஆறு ஆட்டம், மூன்றுக்கு மூன்று சமம். அதன்பின் ரேபிட் என்ற வேக ஆட்டத்தில் தோற்றார். இந்த ஏற்பாடு நியாயமில்லை என்று ரஷ்யாவின் க்ராம்னிக் போட்டிக்கே வரவில்லை. ஆனந்த் வந்து ஆடினார்.

2000இல் டெல்லியில் தொடங்கி டெஹ்ரானில் முடிந்த நாக்அவுட்டில் ஷிரோவை 3.5-0.5 என்று வென்று முதல் பட்டம். உடனே பேச்சு கிளம்பியது: நாக்அவுட்டில் வந்த பட்டம் பட்டமா, காஸ்பரோவை வென்ற க்ராம்னிக் அல்லவா உண்மையான சாம்பியன் என்று. சரி, 2007 மெக்சிகோ சிட்டி. எட்டுப் பேர், ஆளுக்கு 14 ஆட்டம், ஆனந்த் 9 புள்ளி, ஒரு தோல்விகூட இல்லை. இப்போது உலகத்துக்கு ஒரே சாம்பியன்தான், அது இவர்தான். அப்போதும் ஓயவில்லை. இருவர் நேருக்கு நேர் ஆடும் மேட்சில் வென்றால்தான் கணக்கு என்றார்கள்.

2008, ஜெர்மனியின் பான் நகரம், எதிரில் அதே க்ராம்னிக். எட்டு ஆண்டுக்கு முன் காஸ்பரோவை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் வென்றவர். இந்த மேட்சுக்காக ஆனந்த் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். வாழ்நாள் முழுவதும் வெள்ளைக் காயில் ராஜா முன்னிருக்கும் சிப்பாயைத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கியவர், 38 வயதில் அதை விட்டுவிட்டு ராணி முன்னிருக்கும் சிப்பாய்க்கு மாறினார். எதிராளி மாதக்கணக்கில் தயாரித்து வைத்திருந்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் பயனற்றுப் போனது. மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கருப்புக் காயோடு, ஒரே தொடக்க முறையில், இரண்டு முறை வென்றார். முடிவு 6.5-4.5.

நாக்அவுட், பலர் ஆடும் தொடர், மேட்ச் என மூன்று முறையிலும் உலகப் பட்டம் வென்றவர் அவர் மட்டும்தான். எந்த முறை செல்லாது என்று சொன்னார்களோ, அடுத்த தடவை வேறு முறையில் வென்று காட்டியிருக்கிறார். ஒரு தடவையாவது புலம்பியதாக எனக்கு நினைவில்லை.

வடக்குவாசல்:
மதிப்பு எனக்கும் உண்டு. ஆனால் இழை முழுக்கப் புகழ்ச்சியாகப் போவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

ஒன்று, பெரிய நெருக்கடியில் அவர் உடைந்த தருணங்கள் உண்டு. 1995 நியூயார்க், காஸ்பரோவ் மேட்ச். எட்டு டிராவுக்குப் பிறகு ஒன்பதாவது ஆட்டத்தை ஆனந்த் வென்றார். அடுத்த ஐந்து ஆட்டத்தில் நான்கு தோல்வி. 2013இல் சென்னையில் நார்வேயின் கார்ல்சனோடு ஆடிய உலகப் பட்ட மேட்சிலும் அதே மாதிரி. முதல் நான்கு ஆட்டம் டிரா, அப்புறம் ஐந்தும் ஆறும் தொடர்ந்து போயின, ஒன்பதாவதும் போனது. கார்ல்சன் 6.5-3.5. சொந்த ஊரில், ஓர் ஆட்டம்கூட வெல்லாமல்.

இரண்டு, அவர் புகழின் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் வாழ்ந்தது பெரும்பாலும் ஸ்பெயினில். அகாடமி என்று இளைஞர்களோடு முறையாக உட்கார்ந்தது 2020 டிசம்பருக்குப் பிறகுதான். கிராண்ட்மாஸ்டர்கள் சசிகிரண், ஹரிகிருஷ்ணா தலைமுறை வளர்ந்தபோது அவருக்கு நேரம் இல்லை.

மூன்று, 2022இல் ஃபிடே துணைத் தலைவர் பதவிக்கு ரஷ்ய அரசில் துணைப் பிரதமராக இருந்த த்வோர்கோவிச்சின் அணியில் நின்றார். உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. அவரைப் போன்ற நல்ல பெயர் உள்ள ஒருவர் அந்த அணிக்குப் பலம் சேர்த்தது எனக்கு உறுத்துகிறது.

எழும்பூர்வாசி:
மூன்றாவது விஷயத்தில் எனக்கும் அவருடைய முடிவில் சம்மதம் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நியூயார்க் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உலக வர்த்தக மையத்தின் 107வது மாடி. காஸ்பரோவுக்கு 32 வயது, பத்து ஆண்டு சாம்பியன். பின்னால் சோவியத் பள்ளியின் மொத்த அனுபவம். ஆனந்துக்கு 25. இந்தியாவிலிருந்து அந்த மேடைக்கு யாரும் போனதில்லை. அங்கே என்ன நடக்கும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவர்கூட இந்த நாட்டில் கிடையாது. பத்தாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் யானையையே பலியிடும் புது நகர்த்தலை வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நகர்த்தலையும் சட்டென்று ஆடிவிட்டு எழுந்து போய்க் கதவை ஓங்கிச் சாத்துவார். ஆடுபவர் மனதைக் கலைக்க இதெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் அது வேறு. குகேஷ் சிங்கப்பூர் போனபோது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆனந்த் இருந்தார். ஆனந்துக்கு அப்படி யாரும் இல்லை.

கருப்புக்குதிரை:
வடக்குவாசல் நண்பருக்கு: தோல்விகளைச் சொன்னீர்கள், அடுத்து என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டீர்கள்.

சென்னைக்குப் பிறகு நான்கே மாதத்தில், சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி, சைபீரியாவின் காந்தி-மான்சிஸ்க். 44 வயது. அவர் கலந்துகொள்வாரா என்பதே சந்தேகமாக இருந்தது. ஒரு தோல்வியும் இல்லாமல் முதலிடம். 2014 நவம்பரில் சோச்சியில் மறுபடி கார்ல்சன் எதிரில் போய் உட்கார்ந்தார். ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் குதிரையால் ஈ5 கட்டத்தில் இருந்த சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே அவர் பக்கம் திரும்பியிருக்கும். எதிராளி அங்கே தவறுவார் என்று எதிர்பார்க்காததால் ஒரு நிமிடத்துக்குள் வேறு சிப்பாயை நகர்த்திவிட்டார். அது எனக்கு இன்றும் வலிக்கிறது. அந்த மேட்சும் போனது, 6.5-4.5. அதோடு முடிந்தது என்று எழுதினார்கள். 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேபிட் சாம்பியன், 48 வயதில். வேகமாக ஆடும் வகை அது. பாதி வயதுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தோற்றார்கள்.

இன்னொன்று. 2010இல் பல்கேரியாவின் சோஃபியாவில் டோபலோவோடு உலகப் பட்ட மேட்ச். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவில் விமானம் பறக்கவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் மாட்டிக்கொண்ட ஆனந்த் குழுவினர் வேன் பிடித்து ஏறக்குறைய 40 மணி நேரம் சாலை வழியாக சோஃபியா போய்ச் சேர்ந்தார்கள். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார்கள், ஒரு நாள்தான் கிடைத்தது. எதிராளியின் சொந்த நாடு. முதல் ஆட்டத்திலேயே தோல்வி. பதினொரு ஆட்டம் முடிந்து சமநிலை, கடைசி ஆட்டம் கருப்புக் காயில். டிரா செய்தால் ரேபிடுக்குப் போகும், அதில் ஆனந்த் கை ஓங்கியிருக்கும் என்று டோபலோவுக்குத் தெரியும். அதனால் அவர் துணிந்து இறங்கினார், தன் ராஜாவையே திறந்துவிட்டார், ஆனந்த் முடித்துவிட்டார்.

அந்த மேட்சுக்குத் தயாராக அவருக்கு உதவியவர்கள் யார் தெரியுமா? காஸ்பரோவ், க்ராம்னிக், கார்ல்சன். முன்பு தோற்கடித்தவர், இவரிடம் தோற்றவர், பின்னால் தோற்கடிக்கப் போகிறவர். மூன்று பேரும் ஒரே ஆளுக்கு உதவியிருக்கிறார்கள். பட்டப் போட்டி உலகத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நீலச்சிப்பாய்:
நான் 2013க்குப் பிறகு ஆட வந்தவன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

சென்னை மேட்ச் தோல்விதான். ஆனால் அண்ணா சாலை ஹயாத் ஹோட்டலில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடியதைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் சாரை சாரையாகப் போனார்கள். தமிழ்நாடு அரசு அதற்கு 29 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தது. தூர்தர்ஷனில் நேரலை. எங்கள் வீட்டில் கிரிக்கெட் தவிர எதுவும் ஓடாத டிவியில் இரண்டு வாரம் 64 கட்டம்தான். அந்தக் கண்ணாடி அறையை வெளியே நின்று பார்த்தவர்களில் ஏழு வயது குகேஷும் ஒருவர். ஒரு நாள் அதற்குள் உட்கார வேண்டும் என்று அப்போது தோன்றியதாக அவரே சிங்கப்பூரில் வென்ற பிறகு சொன்னார். ஆனந்த் தோற்ற அறையிலிருந்துதான் அடுத்த இந்திய உலக சாம்பியனின் ஆசை தொடங்கியிருக்கிறது.

அகாடமி தாமதமாக வந்தது என்பது சரிதான். ஆனால் வந்தபின் அவர் செய்ததைப் பாருங்கள். குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி, நிஹால் சரின், ரவுனக் சாத்வானி எல்லோரோடும் நேரடியாக உட்கார்ந்தார். தன்னோடு வேலை செய்த போலந்து கிராண்ட்மாஸ்டர் கஜேவ்ஸ்கி பின்னால் குகேஷின் பயிற்சியாளர் ஆனார். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் ஆனந்த் நினைத்திருந்தால் முதல் போர்டில் ஆடியிருக்கலாம். ரேட்டிங் இருந்தது, சொந்த மண், நேப்பியர் பாலத்துக்கே கருப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். ஆடவில்லை, இளைஞர்களுக்கு விட்டுக்கொடுத்தார். இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலம் வென்றது, குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இந்தியாவின் முதல் இடத்தை ஆனந்திடமிருந்து எடுத்துக்கொண்டார். 1986 முதல் 37 ஆண்டு யாரும் தொடாத இடம் அது.

2024இல் டொரன்டோவில் குகேஷ் கேண்டிடேட்ஸ் வென்றபோது காஸ்பரோவ் இவர்களை ஆனந்தின் பிள்ளைகள் என்று எழுதினார். அதே ஆண்டு புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் தங்கம். இன்று இந்திய கிராண்ட்மாஸ்டர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்காரர்கள்.

காவிரிக்கரை:
வடக்குவாசல் ஸ்பெயின் பற்றிச் சொன்னதால் இது. ஐரோப்பாவில்தான் எல்லாப் போட்டியும். ஒவ்வொரு தடவையும் சென்னையிலிருந்து பறந்து போய் நேர வித்தியாசத்தோடு ஆடினால் உடம்பு என்னாவது? மாட்ரிட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு வைத்துக்கொண்டார், தொழில் அப்படி. எப்போதும் இந்தியக் குடிமகனாகவே, இந்தியக் கொடியோடுதான் ஆடினார்.

இதையே வைத்து 2010இல் அவரை வருத்தினார்கள். ஹைதராபாதில் உலகக் கணித மாநாடு. ஆனந்துக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர ஏற்பாடு. குடியுரிமை என்ன என்று மத்திய அமைச்சகத்தில் கேள்வி எழுப்பிக் கோப்பை நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட் நகல் கொடுத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. முதல் ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருது வாங்கியவரிடம், நாட்டுக்காக உலகப் பட்டம் வென்று நான்கு மாதம்கூட ஆகாத நேரத்தில். அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். ஆனந்த் பட்டம் வேண்டாம் என்று மரியாதையாக மறுத்துவிட்டார். ஆனால் மாநாட்டில் கணித அறிஞர்களோடு ஒரே நேரத்தில் 40 போர்டு ஆடுவதாக ஒப்புக்கொண்டதை ரத்து செய்யவில்லை. போய் ஆடினார். அவருக்கு இருக்கும் மரியாதை வெறும் வெற்றியால் வந்ததில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

வடக்குவாசல்:
அந்த டாக்டர் பட்ட விவகாரத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஃபிடே விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இவ்வளவு நிதானமும் நாகரிகமும் உள்ளவர் என்பதால்தான் அந்த முடிவு இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

தாமிரபரணி:
பிழைப்பு என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். தொண்ணூறுகளில் மெமரி ப்ளஸ் விளம்பரத்தில் ஆனந்த் வருவார், நினைவிருக்கிறதா? ஞாபக சக்திக்கு என்று வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். மூளை என்றால் ஆனந்த் என்று அம்மாக்கள் மனதில் பதிந்துபோனது. அதனால்தான் என் மகள் போர்டைத் தொட்டபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு இது இன்னும் சுலபமில்லை. பயிற்சிக் கட்டணம், நுழைவுக் கட்டணம், கூடவே ஒருவர் போய்வரும் செலவு. ஒரு போட்டியில் சிறு பிள்ளைகளை முதல் சுற்றுக்கு வெயிலில் வெகுநேரம் வெளியே நிற்க வைத்துவிட்டார்கள், பெற்றோருக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை. ஆனந்த் திறந்த வழியில் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்றால் அந்த வழியைச் செப்பனிட வேண்டியது மற்றவர்கள் பொறுப்பு. மாவட்ட அளவில் நல்ல கூடமும் நல்ல நடுவரும் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, ஒரு உதவி. என் மகளுக்குப் 11 வயது. குகேஷ் ஆட்டங்கள் எல்லாம் பார்க்கிறாள், ஆனந்த் ஆட்டம் ஒன்றுகூட ஆடிப் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

கருப்புக்குதிரை:
யோசிக்காமல் சொல்வேன் அக்கா, 2013 ஜனவரி, நெதர்லாந்தின் விக் ஆன் ஸே, அர்மேனியாவுக்கு அப்போது ஆடிய அரோனியனுக்கு எதிராகக் கருப்புக் காயில் ஆடியது. மொத்தம் 23 நகர்த்தல். ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம்.

அரோனியன் 13வது நகர்த்தலில் குதிரையால் எச்7 சிப்பாயை வெட்டுகிறார், அடுத்து யானையை வெட்டப் போகிறார். ஆனந்த் யானையைக் காப்பாற்றவே இல்லை, தன் குதிரையை ஜி4க்கு அனுப்புகிறார். பிறகு பிஷப்பை சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில் வைக்கிறார். அடுத்த நகர்த்தலிலேயே இன்னொரு குதிரையையும் சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில் வைக்கிறார். இரண்டு பிஷப்களும் இரண்டு மூலைவிட்டத்தில் வெள்ளை ராஜா இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். 1907இல் ரூபின்ஸ்டைன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தின் சாயல் இருக்கும், அதையும் அப்புறம் காட்டுங்கள்.

கடைசி நகர்த்தலை மெதுவாகப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை ராணி மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டு எச்3 சிப்பாயைக் காக்கிறது. ஆனந்த் பிஷப்பை ஈ3இல் வைத்து அந்த வரிசையை அடைக்கிறார். பிஷப்பை பிஷப்பால் வெட்டினால் கருப்பு ராணி எச்3ஐ வெட்டிச் செக் சொல்லும். ஜி2 சிப்பாயால் திருப்பி வெட்ட முடியாது, பின்னால் மூலைவிட்டத்தில் இன்னொரு பிஷப் நிற்கிறது. அங்கேயே அரோனியன் கைகொடுத்துவிட்டார்.

பார்க்கும்போது 19வது நகர்த்தலில் நிறுத்துங்கள். வெள்ளைக் குதிரை யானையை வெட்டி எஃப்8இல் உட்கார்ந்திருக்கும். கருப்பு ராஜாவோ ராணியோ உடனே அதைத் திருப்பி வெட்டலாம். ஆனந்த் வெட்டவில்லை. கருப்பு என்ன ஆடியிருக்கும், ஏன் என்று அவளிடம் கேளுங்கள். வெள்ளை ராணி சி2இலிருந்து எச்7 கட்டத்தைக் குறிவைக்கிறது என்ற ஒரு குறிப்பு மட்டும் போதும். விடையை முன்னாடியே சொல்லிவிடாதீர்கள்.